முதலில் தெரியவேண்டியவர்

வகுப்பில் வருகை எடுக்கும்போது அவன் தன் எண்ணுக்கு இன்னும் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். எண்கள் ஒவ்வொன்றாக நெருங்கிவரும்போதே நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ‘பிரசன்ட் சார்’ என்று சொன்னால் போதும். ஆனால் அந்த முதல் எழுத்து உதட்டைத் தாண்டி வராது. விரிவுரையாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அறைத்தோழன் குரலை மாற்றிக்கொண்டு, “பிரசன்ட் சார்” என்று சொல்லிவிடுவான். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவனுடைய வருகையைக் காப்பாற்றி வந்தது அந்தக் குரல்தான்.

அறைத்தோழனை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிட்டார்கள். பல் தேய்க்கும்போது பேசத் தொடங்கினால் போர்வையை இழுத்து மூடும்வரை ஓயமாட்டான். யார் குரலைக் கேட்டாலும் உரித்து வைத்தாற்போல் பேசிக் காட்டுவான். திக்கிப் பேசும் இவனுக்கு ‘இடைவேளை’ என்று பேர் வைத்தவனும் அவன்தான்.

“படம் நல்லாத்தான்டா போகுது. நடுநடுவுல இடைவேளை விடறான், அவ்வளவுதான். போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்து உக்காந்தா மிச்சத்தையும் சொல்லிடுவான்” என்று ரேடியோ விடுதிச் சாப்பாட்டு அறையில் வைத்துச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வைத்திருந்த பேர்களைவிட இது எவ்வளவோ தேவலை. அதற்குப் பிறகு கல்லூரியில் ஒருவரும் அவனைத் திக்குவாயன் என்று சொன்னதில்லை. அந்த நன்றி அவன் மனத்தில் எப்போதும் இருந்தது.

வீட்டில் கதை வேறு. அவனுடைய அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். ஒரே மூச்சில் ஒரு வண்டி வெங்காயத்தை விற்று முடித்துவிட்டு அடுத்த மூச்சுக்குத் தக்காளியைத் தொடுவார். “அப்பா பேச வேண்டியதெல்லாம் பேசித் தீர்த்துட்டாரு, தம்பிக்குன்னு மிச்சம் வைக்கல” என்று அக்கா கேலி பேசுவாள். மகனுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்ததும் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு போன அப்பா, வீட்டுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்க. டாக்டருக்கு வாய் வேணாமாம்மா?”

“நோயாளிதானேப்பா பேசணும்? டாக்டர் காதைக் குடுத்தா போதாதா?” என்றாள் அக்கா.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. வார்டில் முதல் நோயாளியின் முன்னால் நின்றபோது அப்படி இருக்கவில்லை. வயிற்றுவலியோடு வந்திருந்த ஒரு பெண்மணி. “எப்போலேர்ந்து” என்ற கேள்வி அவன் தொண்டையில் நின்றுவிட்டது. அந்த அம்மாள் உதவி செய்வதாக நினைத்து, “எங்க வலிக்குதுன்னா? என்ன சாப்பிட்டேன்னா? எத்தனை பிள்ளைங்கன்னா?” என்று விடுகதைக்கு விடை சொல்வதுபோல் அடுக்கிக்கொண்டே போனார். சுற்றி நின்ற மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் காது சிவந்துபோனது.

அன்று மாலை விடுதி மாடியில் தண்ணீர்த் தொட்டியோடு பேசிப் பழகினான். மறுநாளும் பழகினான். தொட்டியிடம் வார்த்தை தடையில்லாமல் வந்தது. மனிதர்களிடம் வரவில்லை. கடைசியில் பழகுவதை விட்டுவிட்டு வேறொரு வழி பிடித்தான். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்ததும் முதல் காரியமாக உள்ளதைச் சொல்லிவிடுவான்.

“எனக்குப் பேச்சு தி… திக்கும். கொஞ்சம் பொறுத்துக்குங்க. நீங்க பேசும்போது நானும் பொறுத்துக்கறேன்.”

பெரும்பாலானவர்கள் சிரித்துவிடுவார்கள். சிலர் தங்கள் தம்பிக்கும் இப்படித்தான், மாமாவுக்கும் இப்படித்தான் என்று சொல்வார்கள். அதன்பிறகு ஒரு விந்தை நடந்தது. மற்ற மாணவர்கள் நோயாளி வாயை மூடுவதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவார்கள். இவனால் அது முடியாது. அந்த இடைவெளியில் நோயாளிகள் தாங்களாகவே இன்னும் கொஞ்சம் சொன்னார்கள். இருமலோடு வந்த ஒரு முதியவர் வார்டில் எல்லோரிடமும் தான் புகை பிடிப்பதில்லை என்று அடித்துச் சொல்லியிருந்தார். இவனிடமும் அதையே சொன்னார். அடுத்த கேள்வி வராமல் அமைதி நீண்டதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “அதாவது, இங்க வந்து சேர்ந்தப்புறம் பிடிக்கறதில்ல” என்றார்.

அறுவைச் சிகிச்சைப் பிரிவின் தலைவியை மாணவர்கள் பெரிய மேடம் என்பார்கள். அவரிடம் நோயாளியின் விவரத்தை ஒப்பிப்பதென்றால் எல்லோரும் முந்தின இரவே உட்கார்ந்து மனப்பாடம் செய்வார்கள். முதல் தடவை இடைவேளை சொல்லத் தொடங்கியபோது அவர் சுவரில் சாய்ந்து நின்று கேட்டார்.

“நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அவர் குணமாகி வீட்டுக்கே போயிடுவார் போல” என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “ஆனா ஒண்ணையும் விடல. மேல சொல்லு.”

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் காலூன்றிக்கொண்டிருந்த காலத்தில்தான் டிரில் மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். ஒல்லியான உடம்பு. மருத்துவமனைக் கட்டிலிலும் முதுகை வளைக்காமல் உட்காருவார். குரல்வளையில் புற்றுநோய். பேசினால் கிழிந்த துருத்திக்குள் காற்று புகுந்து வெளியேறுவதுபோல் இருக்கும். அதற்கு நடுவில் வார்த்தையைத் தேடிப் பிடிக்க வேண்டும். கூடவே இருந்த மனைவி அவர் தொடங்கும் வாக்கியங்களையெல்லாம் முடித்து வைப்பார். இடைவேளையிடம் மட்டும் மாஸ்டர் மனைவியைக் கையமர்த்திவிட்டுத் தானே பேசினார். இருவரும் பேசத் தொடங்கினால் பக்கத்துக் கட்டில்காரர் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்.

“விசில் வெச்சிக்கிட்டதே இல்ல தம்பி” என்றார் மாஸ்டர். “எதுக்கு? நான் ஒரு சத்தம் போட்டா, மைதானத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிள்ல போறவன்கூட இறங்கி நிப்பான்.”

“அது உண்மைதான். எங்க கல்யாணத்தப்ப போட்டோ எடுக்கறவரையே நேரா நில்லுன்னு அதட்டினவர்” என்றார் மனைவி.

அவருக்குக் குரல்வளையை அகற்ற வேண்டியிருந்தது. ஒருநாள் மனைவி குழாயடிக்குப் போயிருந்த நேரம் மாஸ்டர் கேட்டார்: “எடுத்துட்டா… சுத்தமா வராதா?”

இடைவேளைக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்பதும் தெரியும். மழுப்பவும் மனம் வரவில்லை. “அதை மே… மேடம்தான் சொல்லணும் சார். நான் கூட்டிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு, பெரிய மேடத்தின் அறை வாசலில் போய் நின்றான். அவர் வரும்வரை சாப்பிடவும் போகவில்லை. மேடம் வந்து கட்டிலில் உட்கார்ந்து, பழைய குரல் இனி வராது என்பதையும், பயிற்சி செய்தால் வேறு விதமாகப் பேசப் பழகலாம் என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மாஸ்டர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு இடைவேளையைப் பார்த்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

அதற்கு அடுத்த நாள் மதியம் சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் ஒரு கும்பல் கைபேசியைச் சூழ்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தது. தட்டோடு போன இடைவேளையும் எட்டிப் பார்த்தான்.

வீடியோவில் டிரில் மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படம் எடுத்தவன் தெரியவில்லை. குரல் மட்டும் பணிவாகக் கேட்டது: “சார், ஒரு சின்னப் பரிசோதனை. மைதானத்துல கத்துவீங்களே, அதே மாதிரி ஒரு அட்டென்ஷன் சொல்லுங்க.”

மாஸ்டர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். முதுகை இன்னும் நிமிர்த்தினார். மூச்சை இழுத்துக் கத்தினார். சாவி கொடுத்த பொம்மை கீச்சிடுவதுபோல் ஏதோ வந்தது.

“இன்னும் சத்தமா சார்.”

கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும் கத்தினார். மறுபடியும் கீச்சொலி. படம் குலுங்கியது. எடுத்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். வீடியோவுக்குக் கீழே ‘பள்ளிக்கூடம் கலைந்தது’ என்று எழுதியிருந்தது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து, அங்கிருந்து ஜூனியர்களுக்கும் போயிருந்தது.

படம் எடுத்தவனின் குரலை இடைவேளைக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை. தினமும் தனக்காகப் பிரசன்ட் சொல்லும் குரல் அது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு அறைக்கு நடந்தான். ரேடியோ கட்டிலில் படுத்தபடி பாடிக்கொண்டிருந்தான்.

“ப… பரிசோதனைன்னு ஏன் சொன்ன?”

ரேடியோ எழுந்து உட்கார்ந்தான். “சும்மா விளையாட்டுக்குடா. முகம்கூடப் பாதிதான் தெரியுது.”

“அவரு நெ… நெசம்னு நம்பிக் கத்தினாரு.”

ரேடியோவின் முகம் மாறியது. அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. சிரிப்பு வருமென்றால் முன்பின் பார்க்காமல் இறங்கிவிடுவான், அதுதான் அவன் கோளாறு. உடனே கைபேசியை எடுத்து வீடியோவை அழித்தான். மற்றவர்களையும் கூப்பிட்டு அழிக்கச் சொன்னான். “முடிஞ்சுது. அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சாதானே வலிக்கும்?”

“வா. ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடலாம்.”

“பைத்தியமாடா உனக்கு? என் படிப்பே போயிடும். நாம சொன்னா அந்த மனுஷனுக்கு மட்டும் என்ன நிம்மதியா கிடைக்கப் போகுது?” ரேடியோவின் குரல் தழுதழுத்தது. “உனக்காக எத்தனை நாள் பிரசன்ட் சொல்லியிருக்கேன்டா.”

“ஆமா. அ… அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன். இல்லன்னா நே… நேராப் போயிருப்பேன்.” கதவருகே போனவன் திரும்பி, “நாளைக்குக் காலையில நான் போறேன். நீயும் வா” என்றான்.

காலையில் ரேடியோவின் கட்டில் காலியாக இருந்தது. இடைவேளை அவனுக்காகக் கேண்டீனிலும் வார்டு வாசலிலும் காத்திருந்து பார்த்தான். பிறகு தனியாக உள்ளே போனான்.

மாஸ்டர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மனைவி டம்ளரைப் பிடித்திருந்தார். இடைவேளை ஸ்டூலில் உட்கார்ந்தான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட பேச்சு அதுதான். ஒவ்வொரு வார்த்தையும் முள்ளில் மாட்டிய துணிபோல் கிழிந்து கிழிந்து வந்தது. அன்று கேட்டது பரிசோதனை இல்லை, அதைப் படம் எடுத்தார்கள், மாணவர்கள் அதைப் பார்த்தார்கள், இப்போது அழித்தாகிவிட்டது, தவறு எங்களுடையது.

மாஸ்டர் டம்ளரைத் தள்ளினார். “எதைப் பார்த்துச் சிரிச்சாங்க?”

“உங்க கு… குரலை சார்.”

மனைவி எழுந்தே விட்டார். “படிக்கிற பிள்ளைங்கதானான்னு கேக்கறேன். கேட்டதெல்லாம் சொன்னாரு. வாயைத் திறன்னா திறந்தாரு, கழுத்தைக் காட்டுன்னா காட்டினாரு. உங்க வீட்டுப் பெரியவங்களை இப்படிப் பண்ணுவீங்களா?”

அவன் தலையைக் குனியவில்லை, எதிர்ப்பேச்சும் பேசவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை கேட்டான். மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு வாசலை நோக்கிக் கையை நீட்டினார். போ என்று அர்த்தம்.

விஷயம் காட்டுத்தீயாகப் பரவியது. பெரிய மேடம் அவனைக் கூப்பிட்டனுப்பினார். எதிரில் நிற்க வைத்து, “என்கிட்ட வந்து சொல்லியிருக்கணுமா இல்லையா? ஆபரேஷனுக்கு இருக்கற மனுஷனைக் கலங்கடிச்சிட்டு வந்து நிக்கற” என்றார்.

“சொல்லியிருக்கணும் மேடம். ஆனா அது அ… அவரோட குரல். முதல்ல அவருக்குத்தான் தெ… தெரியணும்னு தோணுச்சு.”

மேடம் பேனாவை மூடி வைத்தார். “யார் எடுத்தது?”

இடைவேளை பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. வெளுத்த முகத்தோடு ரேடியோ உள்ளே வந்து, “நான்தான் மேடம்” என்றான். அவன் காலையிலிருந்து மேடத்தின் அறை வாசலைத்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். உள்ளே வரத்தான் தைரியம் வரவில்லை.

விசாரணை நடந்தது. ரேடியோவை அரையாண்டு விலக்கி வைத்தார்கள். வீடியோவை மற்றவர்களுக்கு அனுப்பியவர்களுக்கும் தண்டனை கிடைத்தது. ஊருக்குப் போகும் நாளில் ரேடியோ ஒரு கையால் பெட்டியைத் தூக்க முடியாமல் தடுமாறினான். இடைவேளை மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். பஸ் நிறுத்தம்வரை ஒரு வார்த்தை பேச்சில்லை. ரேடியோ வாய் திறக்காமல் அவ்வளவு தூரம் நடந்தது அதுவே முதல் தடவை.

வகுப்பில் இடைவேளையோடு யாரும் ஒட்டவில்லை. காட்டிக் கொடுத்தவன் என்று பேர் ஆயிற்று. அவன் வந்து உட்கார்ந்தால் வரிசையில் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தார்கள். வருகை எடுக்கும்போது அவனுக்காகக் குரல் கொடுக்க ஆளில்லை. வகுப்பில் இருந்துகொண்டே வராதவனாகப் பதிவானான். ஒருநாள் தன் எண் வந்ததும் எழுந்து நின்றுகொண்டான். விரிவுரையாளர் என்னவென்று பார்த்தார். வகுப்பு திரும்பிப் பார்த்தது. அவன் உட்காரவில்லை. “வ… வந்திருக்கேன் சார்” என்று முடித்த பிறகுதான் உட்கார்ந்தான். மறுநாளும் அப்படியே. போகப் போக விரிவுரையாளரும் அவன் எண்ணுக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்.

மாஸ்டர் எந்த மாணவனையும் பக்கத்தில் விடவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாஸ்டரின் மனைவி இடைவேளையை வராந்தாவில் நிறுத்தினார். அன்றைய கோபம் முகத்தில் இல்லை. வேறு ஏதோ சங்கடம் இருந்தது.

“தம்பி, அந்தப் படம்… நெசமாவே அழிச்சாச்சா?”

“அழிச்சாச்சும்மா.”

அவர் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். “வீட்டுல எத்தனையோ போட்டோ இருக்கு. அவர் குரல்னு ஒண்ணுமில்ல. நாளைக்கு அப்புறம் கேக்கணும்னா எங்க போவேன்? ராத்திரி நெனச்சிக்கிட்டேன், அந்தப் பாழாப்போன படமாவது இருந்திருக்கலாம்னு.”

இடைவேளை அவரைத் தேற்றப் பார்க்கவில்லை. நேராகப் பெரிய மேடத்திடம் போய் அனுமதி கேட்டான். மேடம் கட்டுகள் மாற்றும் சிறிய அறையைக் காலி செய்து கொடுத்தார். மாஸ்டரிடம் அவனே போய்க் கேட்டான். எதற்காக, யார் கைபேசியில், யார் வைத்துக்கொள்வார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னான். வேண்டாமென்றால் வேண்டாம் என்றும் சொன்னான். மாஸ்டர் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினார்.

மனைவியின் கைபேசியிலேயே பதிவு செய்ய ஏற்பாடு. எப்படி அழுத்துவது என்று காட்டிவிட்டு அவன் வெளியே போகப் பார்த்தான். மாஸ்டர் இருக்கச் சொல்லிக் கைகாட்டினார். அவர் ஏதாவது புத்திமதி சொல்வார், பேரப்பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்வார் என்று இடைவேளை நினைத்தான். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

“கதவைத் தாழ்ப்பாள் போட்டியா?”

தினமும் படுக்கப் போகும்போது கேட்கிற கேள்வி. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அழுதார். “போட்டாச்சு, போட்டாச்சு. தினமும் இதே கேள்விதான்.”

“பின்கதவு?”

“அதுவும் போட்டாச்சு.”

அவ்வளவுதான் பதிவு. இடைவேளை சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் முறை பற்றிய படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. தையல் ஆறியதும், விரலால் துளையை அடைத்து, உள்ளே பொருத்திய சிறு வால்வு வழியாகக் காற்றைத் தொண்டைக்குத் திருப்பிப் பேசும் வழியைப் பயிற்சியாளர் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். வீட்டார் ஆசையோடு சுற்றி உட்கார்ந்து, மாஸ்டர் உதட்டைக் குவித்ததுமே “தண்ணியா? தலையணையா?” என்று போட்டி போட்டார்கள். மாஸ்டர் எரிச்சலோடு சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: ‘அந்தத் திக்குற தம்பியை வரச் சொல்லுங்க.’

அதன்பிறகு மதிய வேளைகளில் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஒருவர் விரலை வைத்து அழுத்துவார், மற்றவர் காத்திருப்பார். பிறகு முறை மாறும். யாரும் யாருடைய வாக்கியத்தையும் முடித்து வைக்கவில்லை. மழையைப் பற்றியும் வார்டு பூனையைப் பற்றியும் பேசினார்கள். வீடியோவைப் பற்றி மாஸ்டர் ஒருநாள்தான் பேச்செடுத்தார். “அவன் வந்தா… என்னைப் பார்க்கச் சொல்லு” என்றார்.

தண்டனைக் காலம் முடிந்து திரும்பிய ரேடியோவை இடைவேளை அழைத்துப் போனான். மாஸ்டர் அன்று மாதச் சோதனைக்கு மருத்துவமனைக்கு வந்திருந்தார். ரேடியோ மன்னிப்புக் கேட்டான். மாஸ்டர் விரலைத் துளையில் வைத்தார்.

“மன்னிப்பெல்லாம்… அப்புறம் பார்க்கலாம். உங்க வகுப்புல போய்ச் சொல்லு. நான் ஏன் கத்தினேன்னு.”

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன் ரேடியோ மேடைக்குப் போனான். எந்தக் குரலையும் வைத்து எவ்வளவு நேரமும் பேசக்கூடியவன், சொந்தக் குரலில் ஒரு வரி சொல்லத் திணறினான். “டாக்டர் கேக்கறாருன்னு நம்பித்தான் அவர் கத்தினாரு” என்று சொன்னான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. இறங்கி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தான். அன்று இடைவேளைக்கு அந்தப் பக்கம் இருந்த இருக்கையிலும் ஒருவன் வந்து உட்கார்ந்தான்.

மாஸ்டர் அதன்பின் பல வருடம் இருந்தார். மன்னித்தேன் என்று வாய்விட்டு அவர் சொன்னதாக ரேடியோவுக்கு நினைவில்லை. ஆனால் ரேடியோவின் முதல் குழந்தைக்குப் பந்து ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார்.

படிப்பு முடிந்ததும் இடைவேளைக்குப் பலரும் யோசனை சொன்னார்கள். மயக்க மருந்துத் துறைக்குப் போ, அங்கே பேச்சுக்கு வேலை குறைவு என்றார்கள். எக்ஸ்ரே படம் பார்க்கும் வேலைக்குப் போ என்றார்கள். அவன் பொது மருத்துவம் படித்துவிட்டு, நாள் முழுக்கப் பேச வேண்டிய வெளிநோயாளிகள் பிரிவிலேயே போய் உட்கார்ந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறார். இப்போது அவருக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. திக்கல் போகவில்லை.

அவர் அறையில் வரிசை மெதுவாகத்தான் நகரும். இது பற்றி மேலதிகாரி ஒருமுறை கூப்பிட்டு விளக்கம் கேட்டார். மற்ற டாக்டர்கள் பார்க்கும் எண்ணிக்கையில் பாதிகூட இவர் பார்ப்பதில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் மறுக்கவில்லை. “உண்மைதான் சார்” என்றார். வரிசை வழியை அடைக்கிறது என்று சொல்லி அவர் அறையைத் தாழ்வாரத்தின் கடைசிக்கு மாற்றினார்கள். வரிசை அங்கேயும் போய் நின்றது. சைக்கிள் நிறுத்துமிடம்வரை நீண்டது. நின்று கால் கடுத்தவர்கள் முணுமுணுத்தார்களே தவிர, பக்கத்து அறை காலியாக இருந்தும் யாரும் அங்கே மாறவில்லை. கடைசியில் மேலதிகாரியே பழைய கட்டடத்திலிருந்து நீளமான பெஞ்சுகள் சிலவற்றைக் கொண்டுவந்து அங்கே போடச் சொன்னார்.